மாற்குவுக்கு மாலை போதும்

ஓவியர் அ. மாற்குவைப் பற்றிப் பேசும் மேடைகளில் ஒரு வாசகம் தவறாமல் வந்துவிடுகின்றது: "தனித்து நின்று சாதித்தவர்." இதைவிட வசதியான புகழுரை நமக்கு வேறில்லை. தனித்து வளர்ந்தவர் என்றால், அவருடைய படைப்புகள் அழிந்ததற்கும் நாம் பொறுப்பில்லை அல்லவா?

1933இல் குருநகரிற் பிறந்த மாற்கு ஒருபோதும் தனித்து நின்றவரல்லர். அவருக்கு முன்னரே, 1938இல், எஸ். ஆர். கனகசபை தொடங்கிய வின்ஸர் சித்திரக் கழகம் யாழ்ப்பாணத்தில் இயங்கியது. பின்னர் விடுமுறைக்கால ஓவியர் கழகம். பெயரிலேயே எல்லாம் இருக்கின்றது. பிழைப்புக்கு ஆசிரியத் தொழில், விடுமுறைக்குத் தூரிகை. சித்திர ஆசிரியரான அவரைத் தாங்கியது காட்சிக்கூடமோ அரசோ அன்று. அருந்ததி, வாசுகி போன்று பின்னாளில் ஓவியர்களாக அறியப்பட்ட மாணவரும், வீடு தேடி வந்து வாதாடிய நண்பருமே. 1987இல், போரின் நடுவே, அவரைக் கௌரவித்து "தேடலும் படைப்புலகமும்" என்ற நூல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்தது இந்தச் சிறு வட்டத்தின் உழைப்பால்.

அந்த வட்டத்துக்கு வெளியே இருந்த ஊர் என்ன செய்தது?

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் மாற்குவும் வெளியேறினார். விட்டுவந்த ஓவியங்களிற் பெரும்பகுதி அழிந்தது. 2000இல் அவர் மறைந்தார். எஞ்சியவற்றிற் பல, முன்னரே பிறர் கைக்குப் போயிருந்தவை. வீட்டுக்கு ஒன்றென நாம் வாங்கி மாட்டியிருந்தால் இன்னும் எத்தனையோ பிழைத்திருக்கும்.

உயிர் தப்புவதே பெரும்பாடான காலத்தில் ஓவியமா என்று கேட்பீர்கள். நானும் ஒரு பையுடன் நடந்தவன்தான். அந்த இரவைப் பற்றி நான் கேட்கவில்லை. அதற்கு முந்திய முப்பது ஆண்டுகளைப் பற்றிக் கேட்கிறேன். அரங்கேற்றத்துக்கும் சாமத்தியச் சடங்குப் படப்பிடிப்புக்கும் கிடைத்த பணம் ஒரு நீர்வர்ணத்துக்குக் கிடைக்கவில்லையா? 1966இல் சென்னைக்கருகே சோழமண்டலத்தை அமைத்த கே. சி. எஸ். பணிக்கரும் மாணவர்களும் செல்வந்தரல்லர். பத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றார்கள்; அவற்றை வாங்க ஆட்கள் இருந்தார்கள்.

ரொறன்ரோவிலோ லண்டனிலோ உங்கள் சுவரில் ஈழத்து ஓவியர் ஒருவரின் படம் தொங்கினால், முன்புறமும் பின்புறமும் தெளிவாகப் படம்பிடித்து நூலகம் போன்ற ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புங்கள். இன்று வரைபவர்களிடம் விலை கேளுங்கள்; அன்பளிப்புக் கேட்காதீர்கள்.

மாற்குவைப் பற்றி நான் பத்திரிகையில் எழுதியிருக்கிறேன். காசு கொடுத்து அவரிடம் ஒரு படமேனும் வாங்கியதில்லை.