கைப்பிடி மண்



பிறரை மகிழ்விப்போர் உள்ளத்தில் துயரம் இராது என்று நாம் எளிதில் எண்ணிவிடுகிறோம். கியூபா நாட்டுப் பாடகி செலியா குரூசின் வாழ்க்கை இவ்வெண்ணத்தைத் திருத்தும்.

1925-ஆம் ஆண்டு ஹவானா நகரில் எளிய குடும்பமொன்றில் அவர் பிறந்தார். இரயில்வேத் தொழிலாளியான தந்தை, மகள் ஆசிரியையாக வேண்டுமென விரும்பினார். மகளும் ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்தார். ஆனால் வானொலிப் போட்டியொன்றில் பாடி, பரிசாக ஒரு கேக்கை வென்றார். ஆசிரியை ஒரு மாதத்தில் ஈட்டுவதைப் பாடகி ஒரே நாளில் ஈட்டலாமே என்று கற்பித்த ஆசிரியையே ஊக்குவித்தார்.

1950-இல் 'சொனோரா மத்தான்சேரா' என்னும் புகழ்பெற்ற இசைக்குழு அவரை ஏற்றது. முந்தைய பாடகியையே விரும்பிய நேயர்கள் கண்டனக் கடிதங்கள் எழுதினர். பெண் குரலில் இத்தகைய இசைத்தட்டு விற்பனையாகாது என்று நிறுவனத்தார் தயங்கினர். குழுத் தலைவர் ரொஹேலியோ மார்த்தினேஸ் விட்டுக்கொடுக்கவில்லை. இசைத்தட்டு வெளிவந்தது, மக்களும் விரும்பி வாங்கினர்.

1959-இல் கியூபாவில் புரட்சி வென்றது. அடுத்த ஆண்டு குழுவுடன் மெக்சிகோ சென்ற செலியா திரும்பவில்லை. 1962-இல் தாயார் இறந்தபோது, அடக்கத்திற்கு வர அரசு அனுமதி மறுத்தது. பெற்றவளின் முகத்தை இறுதியாகக் காணவும் இயலாத துயரத்தை நாம் என்னென்பது!

அதே ஆண்டு, குழுவின் டிரம்பெட் கலைஞர் பேத்ரோ நைட்டை மணந்தார். மரணம் பிரிக்கும்வரை, 41 ஆண்டுகள், அவ்வில்லறம் நிலைத்தது. நியூயார்க் பகுதியில் குடியேறி, 1974-இல் ஜானி பச்சேக்கோவுடன் வெளியிட்ட இசைத்தட்டால் மீண்டும் புகழ்பெற்றார். ஆண்களே கோலோச்சிய 'சல்சா' இசைக்கு அரசியெனப் போற்றப்பட்டார். மேடைதோறும் அவர் எழுப்பிய முழக்கம் 'அசூக்கார்!' - சர்க்கரை என்பது அதன் பொருள். கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வதைபட்ட ஆப்பிரிக்க மக்களின் வழிவந்தவர் அவர் என்பதை நினைக்குங்கால் அச்சொல் நமக்கு வேறுவிதமாக ஒலிக்கிறது.

1990-இல் கியூபாவிலுள்ள குவாண்டனாமோ அமெரிக்கக் கடற்படைத் தளத்தில் பாடச் சென்றார். அங்கே குனிந்து ஒரு பிடி தாய்மண்ணை எடுத்துக்கொண்டார். 2003 ஜூலை 16-இல் அவர் மறைந்தபோது, அம்மண் அவரது பேழையில் வைக்கப்பட்டது. நியூயார்க் புனித பத்திரிக் பேராலயத்தில் திருப்பலி நிறைவேற, திரளான மக்கள் கண்ணீர் சிந்தினர்.

ஊரையும் உறவையும் இழந்தோர் மனங்கசந்து போவது இயல்பே. செலியாவோ தம் துயரத்தைத் தம்மோடு வைத்துக்கொண்டு, இனிமையைப் பிறர்க்கு வழங்கினார். நம் இல்லத்திலும் அவ்வாறு சிரித்த முகத்துடன் உழைக்கும் ஒருவர் இருக்கக்கூடும். அவருடைய துயரத்தை இன்றேனும் கேட்டறிவோமா?