பொடியனின் போனில் பிழை இல்லை



போன கிழமை பின்னேரம் எங்கள் வாடிப் பக்கம் நடந்தது இது. கடலுக்குப் போன போட்டிலிருந்து கோல் வந்து வந்து அறுந்தது. காத்திருந்த நானா ஒருவர் பயத்திலும் கோபத்திலும், பக்கத்தில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்த என் மாணவனின் போனைப் பறித்தார். "உன்ட போன்தான் எங்கட சிக்னலைக் குழப்புது" என்று ஓஃப் பண்ணிவிட்டார். நின்றவர்களும் தலையாட்டினார்கள்.

அவருடைய பயம் எனக்கு விளங்குகிறது. குற்றச்சாட்டுத்தான் பிழை.

நம் கோல்கள் போனிலிருந்து போனுக்கு நேரே போவதில்லை, டவர் வழியாகத்தான் போகின்றன. 900 மெகாஹேர்ட்ஸ் ஜிஎஸ்எம் முறையை எடுங்கள்: போன் அனுப்புவது 890 முதல் 915 வரை, கேட்பது 935 முதல் 960 வரை. பக்கத்துப் போன் பேசும் இடத்தில் நம் போனுக்குக் காதே இல்லை.

பள்ளிவாசல் ஸ்பீக்கரில் கோல் வருமுன் ஒரு 'டிர்ர்' சத்தம் கேட்குமே, அதை வைத்துத்தான் பலர் இப்படி நம்புகிறார்கள். 2ஜி போன் செக்கனுக்குச் சுமார் 217 தடவை விட்டுவிட்டு அலை வீசும். மைக் வயர் அதைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

ஆட்கள் கூடினால் கதை வேறு. ஆகஸ்டில் தலவில திருவிழாவுக்கு வரும் சனம் எல்லாம் ஒரே நேரத்தில் கோல் எடுத்தால் டவரில் இடம் போதாது. வாடியில் அன்று நின்றதோ ஏழெட்டுப் பேர். சிறைச்சாலைகளில் வைக்கும் ஜாமர், வேண்டுமென்றே இரைச்சல் போடச் செய்த தனிக் கருவி. பொடியனின் கையில் இருந்தது கடையில் வாங்கிய போன்.

அப்படியென்றால் கோல் ஏன் அறுந்தது? சாதாரண 2ஜி டவரின் எட்டம் கூடினால் 35 கிலோமீற்றர். பூமியின் வளைவு அதற்கு முன்பே மறைத்துவிடலாம். போட்டில் இருப்பவரின் போன் தண்ணீருக்கு மேல் ஓராள் உயரத்தில்தானே இருக்கிறது. போட் அந்த எல்லையில் நின்றிருக்கும் என்பதுதான் என் கணிப்பு.

என் கவலையும் இதுதான். பொடியனின் போனை நிறுத்தியதோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தால், நாளைக்கும் அதே போட் ஒரு கைபேசியை மட்டும் நம்பி அதே தூரம் போகும். வீஎச்எஃப் செட் இருந்தால் 16ஆம் சனலில் உதவி கேட்கலாம், கிட்ட நிற்கும் போட்டுகளுக்கு டவர் இல்லாமலே கேட்கும். எஞ்சினுக்கு இவ்வளவு செலவழிக்கிறோம், இதற்கு மட்டும் ஏன் யோசிக்கிறோம்?

இஷாவுக்குப் பிறகு போட் கரை சேர்ந்தது, அல்ஹம்துலில்லாஹ். பொடியனின் போனும் கைக்கு வந்துவிட்டது. மன்னிப்புத்தான் இன்னும் யாரும் கேட்கவில்லை.