"அதுக்கு ஒண்டும் விளங்காது" என்று சொல்லாதீர்கள்

கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் விசேட தேவையுள்ள பிள்ளை இருக்கிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள். இல்லாதவர்களும் வாசியுங்கள். அந்தப் பிள்ளை உங்கள் வீட்டு வாசலாலும்தான் போய் வருகிறது.

குறிஞ்சிப்பிட்டியிலும் கற்பிட்டிப் பக்கத்து மற்ற ஊர்களிலும் படிப்பிக்கிற எங்களுக்கு அடிக்கடி கேட்கக் கிடைக்கிற வசனம் ஒன்று இருக்கிறது. அறிவு வளர்ச்சியில் குறைபாடுள்ள ஒரு பிள்ளை பெரிய பிள்ளையாகப் போகிறது, இப்போதே நாலு விசயம் சொல்லிக் கொடுங்கள் என்று சொன்னால், "அதுக்கு ஒண்டும் விளங்காது டீச்சர்" என்பார்கள். இந்த வசனத்தை இரண்டு பேர் நம்புகிறார்கள். உம்மா நம்பி, ஒன்றும் சொல்லிக் கொடுக்காமல் விடுகிறார். கெட்ட எண்ணத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறவனும் அதே வசனத்தை நம்பித்தான் துணிகிறான்.

பாலியல் கல்வி என்ற சொல்லைக் கேட்டாலே நம் நாட்டில் சண்டைதான். தரம் 7 பிள்ளைகளுக்காகக் கல்வி அமைச்சு தயாரித்த 'ஹதே அபே பொத' என்ற நூலுக்குப் பிக்குமார் கிளப்பிய எதிர்ப்பு பலருக்கு நினைவிருக்கும். சாதாரண வகுப்புப் பிள்ளைகளுக்கே இந்தப் பாடு என்றால், விசேட கல்வி அலகில் இருக்கிற பிள்ளையை யார் நினைக்கப் போகிறார்கள்? ஆனால் அந்தப் பிள்ளைக்குத்தான் இது முதலில் தேவை. உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு நடந்து, 2012இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஆய்வு, பல நாடுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னது இது: அறிவுசார் அல்லது உளக் குறைபாடுள்ள பிள்ளைகள் பாலியல் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட 4.6 மடங்கு அதிகம்.

ஏன் இப்படி? நாம் அந்தப் பிள்ளையை வளர்க்கிற விதத்தைப் பாருங்கள். "சொன்னதைக் கேள்" என்பதுதான் சின்ன வயதிலிருந்து நாம் படிப்பிக்கிற ஒரே பாடம். சொன்னால் இருக்கும், சொன்னால் எழும்பும், சொன்னால் உடுப்பைக் கழற்றும். "நல்ல புள்ள" என்று பாராட்டுகிறோம். குளிப்பாட்ட ஒரு கை, உடுப்பு மாற்ற ஒரு கை, கழுவி விட ஒரு கை என்று பல கைகள் அதன் உடம்பில் படுகின்றன. யாரும் அனுமதி கேட்பதில்லை. உம்மா வெளிநாடு போன வீடுகளில் அந்தக் கைகள் இன்னும் கூடுகின்றன. உம்மும்மா, சாச்சி, பக்கத்து வீடு என்று மாறிக்கொண்டே இருக்கும். கடைசியில், யார் சொன்னாலும் கேட்கிற, யார் தொட்டாலும் பேசாமல் இருக்கிற ஒரு பிள்ளையை நாமே உருவாக்கி விடுகிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் ஊரில் எல்லோரும் மாமா, எல்லோரும் நானா. கடைக்காரர் மாமா, ஆட்டோ ஓட்டுபவர் நானா, மீன் கொண்டு வருபவர் சாச்சா. மற்றப் பிள்ளைகளுக்கு எந்த மாமா சொந்த மாமா, எது வெறும் மரியாதைக்குச் சொல்வது என்று தானாகவே பிடிபட்டு விடும். சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிற பிள்ளைக்கு அது பிடிபடாது. அதற்கு ஊர் முழுக்க வீட்டு ஆட்கள்.

இந்தியாவில் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கைச் சொல்கிறோம். சண்டிகரில், பெற்றோர் இல்லாத, இலேசான அறிவுசார் குறைபாடுள்ள ஓர் இளம்பெண் அரசாங்க இல்லத்தில் இருந்தார். பாதுகாக்க வைத்த இடத்திலேயே வன்புணரப்பட்டு, 2009இல் அவர் கர்ப்பமாக இருப்பது தெரிய வந்தது. கருவைக் கலைக்கலாம் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே 2009 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. தன் வயிற்றில் பிள்ளை இருப்பதை அவர் அறிந்திருந்தார், அதைப் பெற விரும்பினார், அவர் விருப்பத்தை மீற முடியாது என்பது தீர்ப்பு. ஆனால் திருமணத்துக்குள் பிறக்கும் பிள்ளை, வெளியே பிறக்கும் பிள்ளை என்ற வேறுபாடும், அதை ஊர் எப்படிப் பார்க்கும் என்பதும் அவருக்கு விளங்கவில்லை என்று நிபுணர் குழு எழுதியது. அவர் என்ன விரும்புகிறார் என்று கேட்க ஒரு நாடே கூடியது. அதற்கு முந்தைய வருடங்களில், "உன் உடம்பு உன்னுடையது" என்று அவருக்குப் பொறுமையாகப் படிப்பித்தவர் எத்தனை பேர்? ஆசிரியர்களாகிய எங்களுக்கு அந்த வழக்கில் உறுத்துகிற கேள்வி அதுதான்.

நம் நாட்டுச் சட்டம் இந்த விசயத்தில் மென்மையாக இல்லை. 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவை, உள அல்லது உடல் குறைபாடுள்ள பெண்ணை வன்புணர்ந்தவனுக்கு 10 வருடம் முதல் 20 வருடம் வரை கடூழியச் சிறை என்கிறது. சாட்சியச் சட்டத்தின்படி, கேட்கிற கேள்வியை விளங்கி, அறிவுக்குப் பொருந்தப் பதில் சொல்லக்கூடிய எவரும் சாட்சி சொல்லலாம். அறிவுசார் குறைபாடு என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைத் தள்ளி வைக்க முடியாது. ஆனால் பதில் சொல்ல வார்த்தை வேண்டுமே? தன் மறைவிடத்துக்குப் பெயர் தெரியாத பிள்ளை என்னவென்று சொல்லும்? வயிறு நோகுது என்று சொல்லும், சாப்பிட மறுக்கும், சத்தம் போடும். நாமும் "குணம் மாறிட்டு" என்று ஓதிப் பார்க்கக் கொண்டு போவோம்.

அப்படியென்றால் எதைப் படிப்பிப்பது?

முதலில் பெயர். கை, கால், மூக்கு என்று சொல்லிக் கொடுக்கிற மாதிரியே உள்ளாடைக்குள் இருக்கிற உறுப்புகளுக்கும் ஒரு மரியாதையான பெயர் சொல்லிக் கொடுங்கள். வீட்டிலும் பாடசாலையிலும் அதே பெயர் இருக்கட்டும்.

இரண்டாவது வட்டம். அமெரிக்காவில் 1980களிலிருந்து இந்தப் பிள்ளைகளுக்கு வட்டங்கள் வரைந்து படிப்பிக்கிறார்கள். நடுவில் பிள்ளை. அடுத்த வட்டத்தில் கட்டிப்பிடிக்கக் கூடியவர்கள், அதற்கு அடுத்ததில் கைகொடுப்பவர்கள், பிறகு கையசைப்பவர்கள், வெளியே அந்நியர்கள். இதற்குப் பெரிய செலவில்லை. முற்றத்து மணலில் தடியால் கீறலாம். ஆட்களின் போட்டோவை வைத்து, "இந்த மாமாவுக்கு ஸலாம் மட்டும்" என்று திரும்பத் திரும்ப நடந்து காட்டலாம். மாமா என்ற சொல் விளங்காவிட்டாலும், அந்த முகம் எந்த வட்டம் என்பது விளங்கும்.

மூன்றாவது மறுக்கப் பழக்குவது. "நல்ல தொடுகை, கெட்ட தொடுகை" என்று மட்டும் சொன்னால் இவர்களுக்குக் குழப்பம். டொபி கொடுத்துத் தடவுகிறவனின் தொடுகை பிள்ளைக்கு நல்லதாகவே தெரியலாம். ஆகவே சட்டம் போல ஒரே வசனம் போதும்: உள்ளாடைக்குள் கழுவவும் மருந்து போடவும் உம்மா, வைத்தியர் முன்னால் உம்மாவும் நிற்பார், வேறு யாரும் இல்லை. ஆனால் சோறு வேண்டாம் என்றால் திட்டி ஊட்டி, முத்தம் வேண்டாம் என்றால் "மாமாக்குக் குடு" என்று தள்ளி விட்டு, அந்த நேரத்தில் மட்டும் "வேண்டாம்" சொல்ல எதிர்பார்க்க முடியாது. சின்ன விசயங்களில் அந்தப் பிள்ளையின் "வேண்டாம்" மதிக்கப்பட வேண்டும். தொட முன்னால் நீங்களும் சொல்லிவிட்டுத் தொடுங்கள்.

நான்காவது மாதவிடாய். வந்த பிறகு பயந்து அழுகிற பிள்ளைக்குப் படிப்பிப்பது கஷ்டம். முன்கூட்டியே பேடில் சிவப்பு மை ஊற்றிக் காட்டி, மாற்றுவது, சுற்றுவது, போடுவது, கை கழுவுவது என்று படம் படமாக மலசலகூடச் சுவரில் ஒட்டிப் பழக்கினால் பல பிள்ளைகள் தாங்களே செய்து கொள்வார்கள். மாதக்கணக்கு எடுக்கும், எடுக்கட்டும். "கர்ப்பப்பையை எடுத்து விட்டால் நிம்மதி" என்று யோசிக்கிற உம்மாமாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1994இல் இந்தியாவின் புனே நகர சசூன் வைத்தியசாலையில், அரசாங்க இல்லமொன்றில் இருந்த இப்படியான பெண்களுக்கு அதைத்தான் செய்தார்கள். மாதவிடாய்ச் சுத்தம் பேண முடியவில்லை என்பது சொன்ன காரணம். நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்தது. கர்ப்பப்பையை எடுத்தால் வெளியே தெரிகிற அடையாளம்தான் இல்லாமல் போகும். துன்புறுத்துகிறவன் அப்படியே இருப்பான், இன்னும் துணிவோடு.

ஆண் பிள்ளைகளை யாரும் கணக்கெடுப்பதில்லை. அவர்களுக்கும் ஆபத்து உண்டு. இன்னொரு பக்கம், 15 வயதில் நாலு பேர் முன்னால் உடம்பைத் தொட்டுக்கொள்கிற பையனை அடிக்கிறோம், கல்லால் எறிகிறோம். எது எல்லோரும் பார்க்கிற இடம், எது கதவு பூட்டிய இடம் என்று வாப்பாவோ நானாவோ அவனுக்கு ஒரு நாளும் காட்டிக் கொடுத்ததில்லை. அடி வாங்குகிற பையனுக்கு எதற்கு அடிக்கிறார்கள் என்றே தெரியாது.

கலியாணம் முடித்து வைத்தால் சரியாகும் என்பதும் நம்மிடம் உள்ள ஒரு வைத்தியம். அப்படி எதுவும் சரியாவதில்லை. குறைபாடு இலேசாக உள்ள, விளங்கி விரும்புகிறவர்கள் குடும்பம் நடத்தலாம். இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்திய ஐ.நா. உடன்படிக்கையும் அந்த உரிமையைச் சொல்கிறது. ஆனால் கலியாணம் என்றால் என்னவென்றே சொல்லிக் கொடுக்கப்படாத பிள்ளை தலையாட்டியதைச் சம்மதம் என்று எழுதக் கூடாது.

மார்க்கம் இதற்குத் தடை என்று சொல்பவர்கள் ஸூரா அந்நூரைத் திறந்து பார்க்கட்டும். ஸுபஹுக்கு முன், நடுப்பகலில் உடுப்பைத் தளர்த்தும் நேரம், இஷாவுக்குப் பின் என்று மூன்று நேரங்களில் வயது வராத பிள்ளைகளும் அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும் என்று அங்கே இருக்கிறது. பத்து வயதில் படுக்கையைப் பிரிக்கச் சொன்ன மார்க்கம் இது. மார்க்கத்தை விளங்க வெட்கம் தடையாகவில்லை என்று அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா நாயகி பாராட்டியிருக்கிறார்கள். புத்தி சுவாதீனம் இல்லாதவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்று மதரஸாவில் படித்தோம். அவர்களிடம் கேள்வி இல்லையென்றால், அந்த அமானிதத்தைப் பற்றிய கேள்வி யாரிடம்?

எல்லாப் பாடசாலையிலும் விசேட கல்வி அலகு இல்லை. இருக்கிற இடத்திலும் இந்தப் பாடத்தை ஒரு டீச்சரின் துணிவில் விட்டிருக்கிறோம். அதிபர்களிடம் நாங்கள் கேட்பது, வருடத்தில் ஒரு நாள் இந்தப் பெற்றோரை மட்டும் அழைத்து, பகுதி மருத்துவ மாதுவையும் கூப்பிட்டு, பெண்களுக்குப் பெண்களும் ஆண்களுக்கு ஆண்களும் படிப்பிக்கிற ஏற்பாடு. பள்ளி நிர்வாகங்களிடம் கேட்பது, ஒரேயொரு ஜும்ஆ. ஏதும் நடந்து விட்டால் ஊருக்குள் சமாதானம் பேசி மூடாதீர்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு அழையுங்கள். பிள்ளையைக் குளிப்பாட்டாமல், உடுப்பை மாற்றாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

உம்மாமாரே, வாப்பாமாரே, இன்று மாலை பிள்ளையைக் குளிப்பாட்டும் போதே தொடங்கலாம். தண்ணி ஊற்ற முன்னால் "ஊத்தவா?" என்று கேளுங்கள். தலையாட்டும் வரை கொஞ்சம் பொறுங்கள்.