மருந்தும் காவலும்

மருந்து என்று ஒரே சொல்லால் அழைத்துவிடுகிறோம். ஆனால் கடையின் கண்ணாடி அலமாரியில் இருப்பவை எல்லாம் ஓரினம் அல்ல. காய்ச்சலைத் தணிக்கும் பாராசிட்டமால் ஒரு வகை. கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மற்றொரு வகை. தும்மலையும் மூக்கொழுகுதலையும் அடக்கும் ஒவ்வாமை மருந்து இன்னொன்று. உறக்கம் தரும் டயாசிபாம், அல்பிரசோலாம் வேறு. புற்றுநோயாளியின் தாங்கவொண்ணா வலியைத் தணிக்கும் மார்பினோ அபினியிலிருந்து எடுக்கப்படுவது.

இவற்றைக் காக்கச் சட்டங்கள் உண்டு. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் சட்டத்தின்கீழ் வந்த விதிகளில் 'எச்' அட்டவணையில் உள்ளதற்கு மருத்துவரின் சீட்டு வேண்டும். 'எச்1' என்றால் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு யாவும் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இது 2014 மார்ச்சு முதல் நடைமுறையில் உள்ளது. 'எக்ஸ்' என்றால் சீட்டே இரண்டு படிகள். இவற்றுக்கும் மேலே 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம்.

இத்தனை காவலும் வேண்டியவையே. வலி மாத்திரையைப் போதைக்காக வாங்கிச் சீரழியும் நம் வயதினரைப் பற்றிச் செய்தித்தாள்களில் படிக்கத்தானே செய்கிறோம்? ஆயினும் காவல் இடம் மாறி நிற்கிறதோ என்பதே என் ஐயம்.

மார்பினைப் பாருங்கள். மருந்துக்கென்றே அரசு உரிமம் தந்து அபினிச் செடி பயிரிடும் நாடு நம்முடையது. அப்படியிருந்தும் 1985 சட்டத்துக்குப் பின், ஒரு மருத்துவமனை சிறிதளவு மார்பின் வைத்துக்கொள்ளவே பல உரிமங்களுக்குப் பல அலுவலகங்களின் படியேற வேண்டியிருந்தது. பெரும்பாலோர் நமக்கேன் வம்பு என்று விட்டுவிட்டனர். சட்டத்தைத் திருத்த 2014 வரை, அதாவது 29 ஆண்டுகள், ஆயிற்று. இடையில் வலியோடு போனவர்களை எந்தப் பதிவேடும் எழுதி வைக்கவில்லை.

இனி மறுபுறம் வருவோம். 2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசம் சிந்துவாரா மாவட்டத்தில் சிறு குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து அடுத்தடுத்து மடிந்தனர். இறந்தோர் தொகை 20-ஐத் தாண்டியது. அவர்கள் குடித்தது 'கோல்ட்ரிப்' என்னும் சளி மருந்து. அது எங்கே தயாரானது தெரியுமா? நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்! தென்னேரிக்காரர்கள் பேருந்து மாறும் சுங்குவார்சத்திரத்தில், ஸ்ரீசன் என்னும் ஆலையில். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது 100 மில்லியில் 48.6 கிராம் டை எத்திலீன் கிளைக்கால் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 விழுக்காடுதான். அக்டோபர் 13-இல் உரிமம் நீக்கப்பட்டது. ஆய்வு செய்யத் தவறியதாக மருந்து ஆய்வாளர் இருவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டனர்.

வேதியியல் படிக்கும் நமக்கு இதில் புதிர் ஏதுமில்லை. சிரப்பில் மருந்தைக் கரைக்கப் புரொப்பிலீன் கிளைக்கால் சேர்ப்பார்கள். டை எத்திலீன் கிளைக்காலும் அதைப் போலவே நிறமற்றது, கொழகொழப்பானது, இனிப்பானது. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கு உரியது, விலையும் மலிவு. கண்ணால் பார்த்து வேறுபாடு சொல்ல முடியாது. உடலுக்குள் அது டைகிளைக்காலிக் அமிலமாக மாறிச் சிறுநீரகத்தை அழிக்கிறது. ஆனால் மெல்லடுக்கு வண்ணப்பிரிகையிலேயே இதைக் கண்டுபிடித்துவிடலாமே! அறிவியல் இல்லாமல் நேர்ந்த சாவு அல்ல இது.

புதிய செய்தியும் அல்ல. 1937-இல் அமெரிக்காவில் இதே கரைப்பானில் கரைத்த சல்பா மருந்து நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. மறு ஆண்டே அங்குப் புதிய சட்டம் பிறந்தது. நம் சென்னையிலேயே 1972-இல் குழந்தைகள் இதனால் இறந்தனர். 1986-இல் பம்பாய், 1998-இல் குர்கான், 2020-இல் சம்மு, 2022-இல் இந்திய மருந்து போன காம்பியா நாடு. ஊர்ப் பெயர்தான் மாறுகிறது.

சிந்துவாராவில் பல குழந்தைகளுக்கு அந்த மருந்தை எழுதிக் கொடுத்தவர் மருத்துவரே. சீட்டு இருந்தது, விற்றது கடைதான். கடைவாசலில் எத்தனை பூட்டுப் போட்டாலும் ஆலைவாசல் திறந்து கிடந்தால் என்ன பயன்? 'போதை' என்ற பெயர் இருந்தால் அஞ்சி நடுங்குகிறோம். 'சளி மருந்து' என்றால் சங்கில் ஊற்றிப் புகட்டிவிடுகிறோம். ஒவ்வொரு கொள்முதல் பீப்பாயையும் சோதித்த சான்று இல்லாமல் ஒரு புட்டிகூட ஆலையைவிட்டு வெளியேறக் கூடாது. அச்சான்றைக் கேட்க ஆய்வாளர் ஆண்டுதோறும் சென்றே ஆகவேண்டும். ஆள் பற்றாக்குறை என்றால் ஆள் போடட்டும். வேதியியல் பட்டதாரிகள் வேலையின்றித்தானே இருக்கிறோம்!

இன்னொன்றும் கேட்க வேண்டும். குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தரக் கூடாது என்று புட்டியில் அச்சிடும்படி 2023 டிசம்பரில் மைய அரசு ஆணையிட்டது. பொடி எழுத்து ஆங்கிலத்தில் அச்சிட்டால் எங்கள் தெருத் தாய்மார் எப்படிப் படிப்பார்கள்? எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். மருந்துப் புட்டியையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு, "இதில் என்ன போட்டிருக்கு, படிச்சுச் சொல்லு" என்று பக்கத்து வீட்டு அத்தையும் பெரியம்மாவும் வருகிறார்கள். பொங்கல் விடுமுறையில் அப்படி வந்த மூன்று புட்டிகளில் அந்த எச்சரிக்கையைத் துண்டுத் தாளில் தமிழில் எழுதி ஒட்டிக் கொடுத்தேன்.