எழுத்து ஒட்டினால் ஆய்வு ஆகிவிடாது

வேளாண் ஆய்வேடுகளின் அட்டவணைகளில் ஒவ்வொரு சராசரிக்கும் பக்கத்தில் ஏ, பி, ஏபி என்று ஆங்கில எழுத்துகள் ஒட்டியிருக்கும். எழுத்து ஒன்றானால் ‘ஆன் பார்’, அதாவது சமம்; வேறானால் வேறுபாடு உண்டு. இரண்டுக்கு மேல் சராசரிகள் இருந்தால் டங்கன் சோதனையோ டூக்கி சோதனையோ போட்டு, எல்லா ஜோடிகளையும் ஒப்பிட்டே தீரவேண்டும் என்று மாணவரும் வழிகாட்டியும் ஆய்விதழ் மதிப்பீட்டாளரும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. ஆய்வாளர் எதைக் கேட்க வயலில் இறங்கினாரோ, அந்தக் கேள்வியையே இது பறித்துவிடுகிறது.

நெல்லுக்குத் தழைச்சத்தை ஹெக்டேருக்கு 0, 40, 80, 120, 160 கிலோ என ஐந்து அளவுகளில் இட்டதாக வைத்துக்கொள்வோம். டங்கன் சோதனை 10 ஜோடிகளை ஒப்பிடும். 80-க்கும் 120-க்கும் ஒரே எழுத்து, 120-க்கும் 160-க்கும் ஒரே எழுத்து, ஆனால் 80-க்கும் 160-க்கும் வேறு எழுத்து என்று வரும். உடனே ‘80-ம் 120-ம் சமம், 80 போதும்’ என்று பரிந்துரை எழுதிவிடுகிறார்கள். சமம் என்று யார் சொன்னது? இத்தனை பாத்திகளை வைத்து அந்த வேறுபாட்டைப் பிரித்தறிய முடியவில்லை என்பதற்கு மேல் அந்தச் சோதனை எதுவும் சொல்லவில்லை. ஒவ்வோர் அளவையும் மூன்று பாத்திக்குப் பதில் எட்டுப் பாத்தியில் இட்டிருந்தால் அதே 80-ம் 120-ம் பிரிந்திருக்கக்கூடும். மண்ணும் பயிரும் அதேதான். இந்த எழுத்தை நம்பி உழவருக்கு உர அளவு சொல்வது அநியாயம்.

உரம் கூடக் கூட விளைச்சல் எப்படி ஏறுகிறது, எங்கே தளர்கிறது என்பதே அங்கே கேள்வி. அதற்கு விடை ஒரு வளைகோடு. அதைப் பொருத்திப் பார்த்தால், கூடுதலாக இடும் ஒரு கிலோ தழைச்சத்தின் விலையும் அதனால் கிடைக்கும் கூடுதல் நெல்லின் விலையும் சமமாகும் இடம் தெரியும். அது 80-க்கும் 120-க்கும் நடுவே எங்கோ இருக்கலாம். வயலில் இடாத அந்த அளவுக்கு எந்த எழுத்தும் கிடையாது.

டங்கன் 1955-இல் தந்த சோதனை தாராளமானதும்கூட. உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாத 10 ரகங்களை 5 சதவீத மட்டத்தில் ஒப்பிட்டாலும், ஒரு பொய் வேறுபாடாவது தலைகாட்டும் வாய்ப்பு 37 சதவீதம் வரை போகும். இதைக் கேட்டதும் சிலர் டூக்கிக்குத் தாவுகிறார்கள். டூக்கி அந்த வாய்ப்பை 5 சதவீதத்தில் அடக்கும். உண்மையான சிறு வேறுபாடுகளைத் தவறவும் விடும். எல்லா ரகங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவதே நோக்கமானால் அது பொருத்தம். நான்கு புது மருந்துகளை வழக்கமான ஒரு மருந்தோடு ஒப்பிடுபவருக்குக் கேள்விகள் நான்கே, பத்து எதற்கு? டன்னட் அதே 1955-இல் அதற்கெனத் தனி முறை தந்திருக்கிறார். உரத்தையும் பாசனத்தையும் சேர்த்து வைத்த சோதனையில் எல்லாக் கூட்டுகளுக்கும் எழுத்து ஒட்டுவது இன்னும் மோசம். உரத்தின் பயன் பாசனத்தைப் பொறுத்து மாறுகிறதா என்று அறியவே வைத்த சோதனை அது.

புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் பணியாற்றிய இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பின்னாளில் புள்ளியியல் துறைக்குத் தலைமை வகித்த ஜான் நெல்டர், 1971-லேயே இந்த ஒப்பீட்டு முறைகளைக் கடுமையாகச் சாடினார். இன்னும் பழக்கம் மாறவில்லை. கணினி தருவதை எழுதுகிறோம் என்பது சாக்கு. வளைகோடு பொருத்தும் கட்டளையும் அதே மென்பொருளில்தான் இருக்கிறது.

எழுத்து இல்லை என்று கட்டுரையைத் திருப்பி அனுப்பும் மதிப்பீட்டாளர்கள் வேறு கேள்விகளைக் கேட்கட்டும். விதைப்பதற்கு முன்பே எந்த ஒப்பீடுகளைத் தீர்மானித்தீர்கள்? ஒவ்வொரு வேறுபாடும் எத்தனை கிலோ, அதன் திட்டப்பிழை எவ்வளவு? அறுவடைக்குப் பிறகு டங்கன், டூக்கி, ஃபிஷர் என்று சோதனைகளை மாற்றி மாற்றிப் போட்டு, பிடித்த எழுத்து வரும்வரை தேடிய அட்டவணையை அவர்கள் ஏற்கவே கூடாது.