உதிர்ந்துபோன 'ஆம்'

தமிழில் 'ஆம்' என்று ஒரு சின்ன ஒட்டு உண்டு. 'பிள்ளை பிடிக்கிறவன் வந்திருக்கானாம்.' நான் பார்க்கவில்லை, காதில் விழுந்ததைச் சொல்கிறேன் என்ற ஒப்புதல் அதில் இருக்கிறது. கடலூர் முதுநகர் டீக்கடை வம்பில்கூட இந்தக் குறைந்தபட்ச யோக்கியம் இருந்தது. வாட்ஸ்அப்பில் முதலில் உதிர்வது இதுதான். 'வந்திருக்கானாம்' என்பது அடுத்த கைக்குப் போகும்போது 'வந்துவிட்டார்கள், உஷார்' ஆகிவிடுகிறது.

விஷயம் இலக்கணத்தோடு நிற்பதில்லை. 2018 மே மாதம் போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த ஒரு மூதாட்டி குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அடித்தே கொன்றார்கள். கடத்தலைக் கண்ணால் கண்டவர் ஒருவருமில்லை, கைபேசியில் கண்டிருந்தார்கள். வடக்கிலும் இப்படிச் சாவுகள் விழுந்த பிறகு, ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் செய்த பரிகாரம்: ஒரு தடவைக்கு ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாது. பொய்க்கு ரேஷன்.

பாமரர் சமாச்சாரம் என்று நம் அறிவுஜீவி மூக்கைச் சுளிக்க வேண்டாம். 2025 ஜூலை 8 காலை, கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் ரயில்பாதையில், செம்மங்குப்பம் கேட்டில் பள்ளி வேன்மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். வேன் ஓட்டுநர் வற்புறுத்தினார் என்றது ரயில்வேயின் முதல் அறிக்கை. கேட் திறந்தே கிடந்தது என்றார் ஓட்டுநர். எது உண்மை என்று விசாரிக்க யாருக்குப் பொறுமை? சிதம்பரத்தில் ஷேக்ஸ்பியர் படித்த நண்பர்கள் கேட்கீப்பரின் தாய்மொழியைக் கண்டுபிடித்து அன்றே தீர்ப்பெழுதிவிட்டார்கள். கேட் மூடாமல் ரயிலுக்குச் சிக்னல் கிடைக்காதபடி செய்யும் இன்டர்லாக்கிங் அன்று அங்கே இருக்கவில்லை. ஏன் இல்லை என்ற கேள்வியை எனக்கு எவரும் ஃபார்வர்ட் செய்யவில்லை. அதில் திட்டுவதற்கு ஒரு முகம் இல்லை.

'பத்திரிகைகள் மட்டும் யோக்கியமா?' என்பார்கள். இல்லை. ஆனால் பத்திரிகையில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் இருந்தாக வேண்டும் என்று 1867இலேயே சட்டம் வந்துவிட்டது. பொய்யென்றால் போய்க் கேட்க ஒரு வாசற்படி இருக்கிறது. சில நூறு பிரதி அச்சாகும் சிறுபத்திரிகைக்கும் அந்த வாசற்படி உண்டு. 'வந்ததை அனுப்பினேன்' என்பவனுக்கு வாசற்படி ஏது?

வங்கி கவுண்டரில் கையெழுத்தில்லாத செக்கை ஐந்து ரூபாய்க்கும் நான் பாஸ் செய்வதில்லை. கையெழுத்தில்லாத சாவுச் செய்தியை மட்டும் ஐம்பது பேருக்குப் பாஸ் செய்கிறோம். யார் பார்த்தது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அனுப்பாதீர்கள். கை நிற்காதென்றால், அந்த 'ஆமை'யாவது திரும்பச் சேர்த்து அனுப்புங்கள்.