வானத்துக்கும் குடிமராமத்து

தஞ்சாவூர்ப் பக்கம் தலைமடைக்காரர் வாய்க்காலைத் தூர் வாராவிட்டால் கடைமடைக்காரரின் நாற்று காயும். அதற்குத்தான் அந்தக் காலத்தில் குடிமராமத்து. தண்ணீர் பாய்ச்சுகிறாயா, மண்வெட்டியோடு வா. அவ்வளவுதான்.

விண்வெளியில் அமெரிக்காவும் ரஷ்யாவும் தலைமடை. பிந்திப் போன நாம் கடைமடை. ஆனால் நாமும் வாய்க்காலை அடைத்திருக்கிறோம். 2001 அக்டோபர் 22 அன்று பி.எஸ்.எல்.வி-சி3 மூன்று செயற்கைக்கோள்களை ஒழுங்காகக் கொண்டுபோய் விட்டது. கைதட்டினோம். டிசம்பர் 19 அன்று, வேலை முடிந்து சும்மா சுற்றிக்கொண்டிருந்த அதன் நான்காவது அடுக்கு வெடித்துச் சிதறியது. முந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகள்! கைதட்டிய எத்தனை பேருக்கு இது தெரியும்?

அந்த அடுக்கில் எரிபொருள் ஒரு தொட்டியில், அதை எரிக்கும் திரவம் இன்னொன்றில். இரண்டும் தொட்டுக்கொண்டாலே பற்றிக்கொள்ளும். மிச்சத்தை அப்படியே விட்டால், வெயிலும் நிழலும் மாறி மாறிப் பட்டு, என்றைக்காவது அழுத்தம் ஏறினாலோ கசிந்து கலந்தாலோ போச்சு. பரிகாரம் ரொம்ப சாதாரணம். வேலை முடிந்ததும் மிச்சத்தைத் திறந்து வெளியே விடு, பேட்டரியைக் காலி செய். 2002-ல் அடுத்த சி4-லிருந்தே இஸ்ரோ இதைச் செய்கிறது. 2023 மார்ச் 7 அன்று, ஆயுள் முடிந்த மேகா-டிராபிக்ஸை, அதில் மிச்சமிருந்த எரிபொருளைக் கொண்டே பசிபிக் கடலில் இறக்கினார்கள். விட்டிருந்தால் நூறு வருஷத்துக்கு மேல் சுற்றியிருக்கும். சபாஷ்.

“அப்புறம் என்ன சார் பிரச்னை?”

இதெல்லாம் இஸ்ரோவின் நல்ல மனசு. இப்போது தனியார் கம்பெனிகள் ராக்கெட் செய்கின்றன. குலசேகரன்பட்டினத்தில் 2024-ல் அடிக்கல் நாட்டியாகிவிட்டது. லாபக் கணக்குப் பார்க்கிறவரிடம் நல்ல மனசை நம்பி மடையைத் திறந்துவிட முடியாது. 2017-ல் ஒரு சட்ட வரைவு வந்தது. 2023-ல் கொள்கை, 2024-ல் அனுமதி விதிமுறைகள். நல்லதுதான். ஆனால் விதிமுறை என்பது அதிகாரி ஒரு கையெழுத்தில் தளர்த்தக்கூடியது.

‘அமெரிக்காக்காரன் போடாத குப்பையா?’ என்று சிலர் கிளம்புவார்கள். தலைமடைக்காரன் அடைத்தான் என்பதற்காகக் கடைமடைக்காரன் தன் பங்குக்கு இரண்டு கூடை மண் கொட்டுவானா? கடல் காற்றை அளக்கும் நம் இ.ஓ.எஸ்-06 சுமார் 740 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. செகண்டுக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் பாயும் துண்டு ஒன்று அதில் மோதினால், அடுத்த கஜா வரும்போது வேதாரண்யத்துக்கு எச்சரிக்கை சொல்ல ஒரு கண் குறையும். 2018-ல் சாய்ந்த தென்னைகளை எண்ணியவர்களிடம் கேளுங்கள், அந்த ஒரு கண்ணின் விலையை.

மிச்சத்தை வெளியேற்ற வழியில்லாத ராக்கெட்டுக்கு ஏவுதளத்தில் இடமில்லை, மீறினால் அபராதம் என்று பார்லிமென்ட் சட்டம் போடட்டும். குலசேகரன்பட்டினத்தில் முதல் ராக்கெட் கிளம்புவதற்குள்.